ரேடியம் இல்லாத ரேடியம்

சீசனுக்கு ஐந்தருவியில் குளித்துவிட்டு ராத்திரி ஆட்டோவில் தென்காசி திரும்பினோம். முன்னால் போன வேனின் முதுகில் முருகன் படம் பளபளத்தது. "ரேடியம் ஸ்டிக்கர்ல!" என்றான் நண்பன். அதில் ரேடியம் துளியும் கிடையாது நண்பர்களே. நம் வண்டி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். பின் அந்தப் பெயர் எப்படி வந்தது?

1898-ல் கியூரி தம்பதி கண்டுபிடித்த ரேடியத்தைப் பெயின்டில் கலந்தால் இருட்டில் தானாக ஒளிரும். 1917 முதல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இளம்பெண்கள் அதைக் கடிகார எண்களுக்குப் பூசினார்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928-ல் நஷ்டஈடு வாங்கினார்கள்.

ஒளிர வைக்க இன்னொரு வழியும் இருந்தது: புற ஊதா விளக்கு. அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கென்று உள்ள பெயின்டில் பட்டால் எண்களும் முள்ளும் மட்டும் மினுங்கும். கண் கூசாது, வெளியே இருட்டும் நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் பல விமானங்களின் மீட்டர்களுக்கு இந்த விளக்குதான். 1948-ல் வந்த ஜாகுவார் மார்க் 5 காரின் டேஷ்போர்டுக்கும் அதைப் பொருத்தினார்கள். இதற்கு ரேடியம் தேவையே இல்லை.

விளக்கை அணைத்தால் அந்த மினுக்கம் அணைந்துவிடும். ரேடியமோ 1600 வருஷம் கழித்தும் பாதி மிச்சமிருக்கும். நம்ம ஊர் ஸ்டிக்கர் கடை போர்டில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது. அந்தப் பெண்களை எத்தனை பேருக்குத் தெரியும்?