தண்டோராவும் நோட்டீஸும்

ஒகேனக்கல் கரையில் அரசாங்க அறிவிப்பு என்றால் முன்பெல்லாம் பறைச் சத்தம்தான். காவிரியில் வெள்ளம் வரும் என்றால் தண்டோரா போடுவார்கள், பரிசல்கள் கரையேறிவிடும்.

காகிதத்தில் போடும் அறிவிப்புக்கும் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசிதழிலும் ஊரில் வசதியான இடங்களிலும் அறிவிப்பு வேண்டும் என்றது. 1984-இல் வந்த திருத்தம் இரண்டு நாளிதழ்களைச் சேர்த்தது. ஒன்றாவது வட்டார மொழியில் இருக்க வேண்டும். 2013 சட்டம் இணையதளத்தையும் சேர்த்தது.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிட்டு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார். பறையடித்தவரின் மானம் காத்த உத்தரவு. மகிழ்ந்தேன்.

சட்டமன்றம் கூடாத நாட்களிலும் அதன் குழுக்கள் வேலை செய்கின்றன. மனுக்கள் குழு மாவட்டங்களுக்கே நேரில் வருகிறது. மனு அனுப்பச் சொல்லும் செய்தி நாளிதழில் ஒரு மூலையில் வரும். விடியலில் துடுப்போடு போகிற பரிசல்காரர் அதை எங்கே பார்ப்பார்?

எழுத்தராக எத்தனையோ நோட்டீஸுக்கு 'ஒட்டப்பட்டது' என்று குறித்திருக்கிறேன். 'படிக்கப்பட்டது' என்று குறிக்க நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இடமில்லை.