கதையின்பமும் ஆங்கிலக் கல்வியும்

நாவல் படிப்பதும் புதிய படம் பார்ப்பதும் கல்விக்கு இடையூறென்று கருதுவோர் பலர். வரலாறு வேறு கூறுகின்றது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்க மாணவருட் பலர் படிப்பை இடையில் நிறுத்தி வெறுங்கையோடு செல்வதைக் கண்டார். அரைகுறையாய் நின்ற பேச்சுப் பயிற்சி வீணாகும். வாசிக்குந் திறனோ பெற்ற அளவுக்குப் பயன்தரும் என 1926இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். பின்னர், புதுச்சொற்களைக் குறைத்து, வந்த சொல்லே மீண்டும் மீண்டும் வருமாறு கதைகளை எளிமையாக்கினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச்சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்களே உள. 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும்படக் காலம் பிறந்தபின், கண்ணால் அறிந்த சொல்லைக் காதாலும் அறியும் வாய்ப்புக் கிட்டியது. ஆகவே நேயர்களே, அகராதியைச் சற்றே மூடிவைத்து, கதையின் முடிவறியும் ஆவலோடு படியுங்கள், அவ்வாவலே நல்லாசிரியன்.