புரதப் பானமும் பசியும்

புரதப் பொடியைத் தண்ணீரிலோ பாலிலோ கலக்கிக் குடிப்பது புரதப் பானம். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் இதைப் புரோட்டீன் ஷேக் என்றால்தான் தெரியும். பாலிலிருந்து சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து கிடைக்கும் வே புரதப் பொடியே அதிகம் புழங்குகிறது. சோயா, பட்டாணிப் புரதப் பொடிகளும் உண்டு. ஒரு ஸ்கூப் பொடி ஏறத்தாழ 30 கிராம். அதில் 20 முதல் 25 கிராம் புரதமும் 120 கலோரியை ஒட்டிய ஆற்றலும் இருக்கும். இதைக் குடித்தால் பசி அடங்குமா என்பது ஒரு கேள்வி, அன்றைய மொத்தக் கலோரி குறையுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கான பதில், சாப்பாட்டில் எதை விலக்கிவிட்டு அந்தப் பானம் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது.

புரதம் சிறுகுடலை அடைந்ததும் குடற்சுவரின் செல்கள் கோலிசிஸ்டோகைனின், ஜி.எல்.பி-1, பெப்டைடு ஒய்.ஒய் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற தகவலை மூளைக்கு அனுப்புகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் அளவு இறங்குகிறது. செரிப்பதற்கே ஆகும் செலவும் புரதத்துக்கு அதிகம். உண்ட புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அந்த வேலையிலேயே போய்விடும். மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 சதவீதம். கொழுப்புக்கு 3 சதவீதத்தைத் தாண்டாது.

பாலில் இருவகைப் புரதம் உண்டு. கேசீன் இரைப்பை அமிலத்தில் உறைந்து மெதுவாகச் செரிக்கும். வே உறையாமல் விரைவாக இறங்கி ரத்தத்தில் அமினோ அமிலங்களை உயர்த்தும். 2003இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வே பானம் குடித்தவர்கள் 90 நிமிடம் கழித்து வைக்கப்பட்ட பஃபேயில், கேசீன் குடித்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டனர். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லை. குடித்ததற்கும் சாப்பிட்டதற்கும் இடையிலான நேரத்தை மாற்றினாலே முடிவும் மாறிவிடுகிறது. மெல்லாமல் விழுங்கும் எதற்கும் பொதுவாக நிறைவுணர்வு குறைவு என்பதும் பானத்துக்குப் பாதகமான செய்தி. அதே 25 கிராம் புரதத்தை மென்று சாப்பிட்டால் பசி இன்னும் அதிக நேரம் தாங்கும்.

ஒரு வேளைச் சாப்பாட்டில் குறைந்த கலோரி அன்றைய கணக்கிலும் குறையும் என்று கொள்ள முடியாது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாவுச்சத்தின் பங்கை மாற்றாமல் புரதத்தை மட்டும் 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்திவிட்டு, வேண்டுமளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, நாளொன்றுக்கு 441 கலோரி தானாகவே குறைந்தது. ஆனால் அது உணவு முழுவதையும் மாற்றியமைத்த சோதனை. வழக்கமான சாப்பாட்டோடு ஒரு ஷேக்கைச் சேர்த்த சோதனை அன்று. பானத்தை மட்டும் சேர்த்துப் பார்த்தது 2011இல் வெளியான 23 வார ஆய்வு. தினமும் சுமார் 400 கலோரி அளவுக்கு வே பானம் குடித்தவர்களின் எடை, அதே கலோரிக்கு மாவுச்சத்துப் பானம் குடித்தவர்களின் எடையைவிட 1.8 கிலோ குறைவாக இருந்தது. உடல் ஓரளவுக்கு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. பானம் குடித்தாலே இளைத்துவிடலாம் என்ற விளம்பரத்துக்கு இது சான்றாகாது.

சென்னையின் சாப்பாட்டுத் தட்டை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். நகரவாசிகளின் உணவை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட க்யூர்ஸ் ஆய்வின்படி, ஆற்றலில் 64 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் 24 சதவீதம் கொழுப்பிலிருந்தும் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வந்தது. தீட்டிய தானியங்களே, அதிலும் முக்கியமாக வெள்ளைச் சோறு, கிட்டத்தட்ட 46 சதவீத ஆற்றலைத் தந்தன. பருப்புக்கும் பயறுக்கும் கிடைத்த பங்கு 8 சதவீதம்கூட இல்லை. புரதம் போதுமான அளவு கிடைக்கும்வரை உடல் சாப்பிடத் தூண்டிக்கொண்டே இருக்கும் என்பது, ஆய்வாளர்கள் சிம்சன், ராபன்ஹைமர் இருவரும் 2005இல் முன்வைத்த புரத நெம்புகோல் கோட்பாடு. சிட்னியில் 2011இல் நடந்த சோதனை இதற்கு வலு சேர்த்தது. புரதத்தை 15இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும் சாப்பிட்ட கலோரி 12 சதவீதம் கூடியது. கூடியதில் பெரும்பகுதி வேளைகளுக்கு நடுவே கொறித்ததால் வந்தது. மயிலாப்பூரில் நாலு மணிக்கு பஜ்ஜிக்கடை முன்னால் கூடும் கூட்டத்துக்குப் புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று சொன்னால் பஜ்ஜியின் ருசிக்கு அநியாயம் செய்ததாகும். ஆனாலும் காலையில் இட்லி, மதியம் சோறு என்று கழிந்த நாளில் அந்தப் பசி சீக்கிரம் வருவதை இந்தக் கோட்பாடு ஓரளவு விளக்குகிறது.

ஷேக்கரில் என்ன போகிறது என்பதில்தான் கணக்கு பெரும்பாலும் தவறுகிறது. ஒரு ஸ்கூப்பைத் தண்ணீரில் கலந்தால் 120 கலோரி. தி. நகரிலோ அடையாறிலோ உடற்பயிற்சி முடித்து வருபவர் அதையே 250 மில்லி 4.5 சதவீதக் கொழுப்புப் பாலில் கலந்தால் மேலும் 180. ஒரு வாழைப்பழம் போட்டால் 100. ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய்க்கு 95. மொத்தம் 500ஐத் தொட்டுவிடும். அதன்மேல் வழக்கமான நாலு இட்லியும் சாம்பாரும் உள்ளே போனால் பானத்தால் கூடியதே தவிரக் குறைந்தது எதுவும் இல்லை. நேரமும் முக்கியம். சாப்பாட்டுக்கு அரைமணி முன் குடித்தால் இரண்டாம் முறை சோறு கேட்காமல் எழுந்துவிட வாய்ப்பு உண்டு. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றும் முடித்தபின் குடிக்கும் பானத்தால் விலக்குவதற்கு இலையில் எதுவும் மிச்சமிருக்காது.

கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வின் 2025ஆம் ஆண்டு அறிக்கையும் இடமாற்றத்தையே வலியுறுத்துகிறது. மாவுச்சத்திலிருந்து வரும் ஆற்றலில் 5 சதவீதத்துக்குப் பதிலாகத் தாவரப் புரதமோ பால் புரதமோ வந்தால் நீரிழிவு அபாயம் குறைவு என்பது அதன் கணிப்பு. இதற்குப் பொடிதான் வேண்டும் என்பதில்லை. கோயில் பிரசாதமாகவும் கடற்கரையிலும் கிடைக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 கிராமுக்கு மேல் புரதமும் நல்ல நார்ச்சத்தும் உண்டு. மென்றுதான் தின்ன வேண்டும் என்பது கூடுதல் லாபம். சத்துமாவுக் கஞ்சியைப் புரதப் பானமாக எண்ணுவது சரியல்ல. 30 கிராம் மாவில் புரதம் மூன்று நான்கு கிராம்தான், மீதி பெரும்பாலும் மாவுச்சத்து.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதத்தைப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அதே நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடல் கட்டுவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்கிறது. அவற்றில் சேர்க்கப்படும் சர்க்கரையையும் செயற்கை இனிப்பூட்டிகளையும் சுட்டிக்காட்டுகிறது. அதே ஆண்டு கேரள மருத்துவர்கள் தலைமையில் இந்தியச் சந்தையின் 36 பொடிகளைச் சோதித்ததில், ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. அத்தகைய பொடியிடம் பசி அடக்கும் வேலையை எதிர்பார்க்க முடியாது. பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வே கான்சென்ட்ரேட் வகைப் பொடி வயிற்று உப்புசம் தரலாம். அந்த அசௌகரியத்தில் சாப்பாடு குறைவதை நிறைவுணர்வோடு சேர்த்து எண்ணக்கூடாது.

முதியவர்களிடம் இதன் விளைவு வேறு. இளைஞர்களின் பசியை அடக்கும் அதே அளவு வே, வயதானவர்களின் அடுத்த வேளைச் சாப்பாட்டை அவ்வளவாகக் குறைப்பதில்லை. அதனால் மெலிந்துபோன முதியவருக்கு அது மொத்தக் கலோரியைக் கூட்ட உதவும். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைடு போன்ற எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்பவர்களுக்கும் பசியடக்கம் தேவையில்லை; அதை ஊசியே செய்துவிடுகிறது. சாப்பாடு வெகுவாகக் குறையும்போது தசை கரையாமலிருக்கவே அவர்களுக்குப் புரதம் வேண்டியிருக்கிறது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் விஷயத்தில் புரத அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நீரிழிவு நீண்ட காலம் இருப்பவர்கள் பலர் இந்த வகையில் அடங்குவர்.