வருடத்துக்கு ஒரு சொல்

ஜனவரி பிறந்தால் எங்கள் வகுப்பில் ஒரு சடங்கு உண்டு. ஆளுக்கொரு சபதம் சொல்ல வேண்டும். ஒருவன் தினமும் ஐந்து மணிக்கு எழுவான். ஒருத்தி இனிமேல் பஜ்ஜி பக்கமே போக மாட்டாள். இன்னொருவன் அரியர் எல்லாவற்றையும் ஏப்ரலுக்குள் முடித்துவிடுவான். பொங்கல் லீவு முடிந்து திரும்பி வந்தால் சபதமும் இருக்காது, அப்படி ஒன்று போட்ட ஞாபகமும் இருக்காது. கேட்டால் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மச்சி" என்று பதில் வரும்.

இதற்கு மாற்றாக ஒரு வழி இப்போது பரவி வருகிறது. பத்து சபதம் போடுவதற்குப் பதில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது. பொறுமை, துணிவு, கவனம் என்று ஏதாவது ஒன்று. எந்த முடிவெடுத்தாலும் அந்தச் சொல்லோடு வைத்துப் பார்ப்பது. சபதம் என்றால் ஒரு நாள் தவறினாலே உடைந்துபோகும். சொல் உடையாது, வருடம் முழுக்கக் கூடவே வரும். அதுதான் இதன் வசதி.

ஏதோ அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடித்த உத்தி மாதிரி இதைச் சொல்கிறார்கள். ஆனால் நம்ம தாம்பரத்துக்கு இது புதுசே இல்லை. வருடத்துக்கு ஒரு சொல் பெறுவதற்கு இங்கே இரண்டு பழைய வழிகள் இருக்கின்றன. ஒன்று கடல் தாண்டி வந்தது, இன்னொன்று பஞ்சாங்கத்தில் இருப்பது. இரண்டின் வரலாற்றையும் பார்ப்போம். கூடவே, ஒரு சொல் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1877-ஆம் வருடத்தையும் பார்த்துவிடுவோம்.

டிசம்பர் 31, நள்ளிரவு

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் என்று நம் பக்கத்தில் சர்ச்சுகளுக்குக் குறைவில்லை. டிசம்பர் 31 இரவு வாட்ச் நைட் சர்வீஸ் நடக்கும். பன்னிரண்டு மணி தாண்டியதும் "ஹேப்பி நியூ இயர்" சொல்லிக் கை குலுக்குவார்கள். பல சபைகளில் அதோடு இன்னொன்றும் நடக்கும். ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வாக்குத்தத்த அட்டை என்று பெயர். சபை முழுவதற்கும் சேர்த்து ஒரு வசனமும் அறிவிப்பார்கள். அது காலண்டரில் அச்சாகி வருடம் பூராவும் சுவரில் தொங்கும். அட்டை பைபிளுக்குள் போகும், இல்லையென்றால் பீரோ கதவில் ஒட்டப்படும். வெளியே வந்ததும் முதல் கேள்வி, "உனக்கு என்ன வசனம் வந்துச்சு?"

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். "நீ எதைத் தேர்ந்தெடுத்தாய்" என்று யாரும் கேட்பதில்லை. வசனம் "வருகிறது". நமக்குப் பிடித்ததை நாமே எடுத்துக்கொள்வதற்கும், நமக்கென்று ஒன்று வந்து சேர்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஹெர்ன்ஹூட்டில் ஒரு மாலை

இதற்கு மூத்த உறவு ஜெர்மனியில் இருக்கிறது. சாக்ஸனி பகுதியில் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சிற்றூர். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி மொராவியாவிலிருந்து வந்தவர்களுக்கு சின்சென்டார்ஃப் என்ற பிரபு தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அப்படி உருவான ஊர் அது. 1728 மே 3-ஆம் தேதி மாலைக் கூட்டத்தில், மறுநாளைக்கான சொல் என்று ஒரு வரியை அவர் கொடுத்தார். அதன் பிறகு தினமும் காலையில் ஒருவர் அன்றைய சொல்லை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவது வழக்கமானது. படைவீரர்கள் காவலில் கேட்டுச் சொல்லும் அடையாளச் சொல்லுக்கான ஜெர்மன் பெயரையே இதற்கும் வைத்தார்கள்: லோசுங். 1731-ஆம் வருடத்துக்கு முதல் தடவையாகப் புத்தகமாக அச்சிட்டார்கள். அன்று முதல் வருடந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. இன்று 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது.

இந்த சின்சென்டார்ஃபுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிறுவனாக அவர் படித்தது ஹாலே நகரத்துப் பள்ளியில். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இதே ஹாலேயில் படித்தவர். அவருக்கு ஆதரவும் அங்கிருந்துதான் கிடைத்தது. 1715-ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகக் காரணமாக இருந்த ஊர் அது. ஆக, தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த பையன்தான் பின்னாளில் இந்த வழக்கத்தை ஆரம்பித்தான். ஹாலே மாணவரான போகாட்ஸ்கி என்ற இன்னொருவர் 1718-ல் "பொற்பெட்டகம்" என்ற பொருளில் தலைப்பு வைத்து நாளுக்கொரு வசன நூல் போட்டார். பின்னாளில் அது தனித்தனி அட்டைகளாக நிஜப் பெட்டியிலேயே வந்தது.

இனி, லோசுங் எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பழைய ஏற்பாட்டிலிருந்து சுமார் 1,800 வசனங்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், அதுவும் மூன்று வருடம் முன்கூட்டியே. அதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. சீட்டில் வந்த வசனத்துக்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனத்தை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதி அதற்கு நாம் கொடுத்த பதில்.

நள்ளிரவு ஆராதனையும் இவர்களிடமிருந்து நகர்ந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி மொராவியர்களோடு நெருங்கிப் பழகியவர். 1740-களில் அவருடைய மெதடிஸ்டுகள் வாட்ச் நைட் நடத்த ஆரம்பித்தார்கள். அப்போது அது மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி நடந்தது. தெருவிளக்கு இல்லாத காலம், நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் அல்லவா! பிறகுதான் அது வருடக் கடைசி இரவோடு ஒட்டிக்கொண்டது. வெஸ்லியன் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள்.

பேரோடு பிறக்கும் வருடம்

சர்ச்சு பக்கம் போகாதவர்களுக்கும் வருடத்துக்கு ஒரு சொல் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சித்திரை ஒன்றாம் தேதி பிறக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களில் ஒன்று உண்டு. கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருடத்துக்கு ராஜா எந்தக் கிரகம், மந்திரி எந்தக் கிரகம், மழை எப்படி என்று வரும். இடைக்காடர் பெயரில் வருடத்துக்கு ஒரு வெண்பாவும் உண்டு.

இங்கேயும் தேர்வு நம் கையில் இல்லை. எல்லாச் சொல்லும் இனிமையாகவும் இருக்காது. 2020 ஏப்ரலில் ஊரடங்குக்கு நடுவே பிறந்தது சார்வரி, அதாவது இரவு. 2024-ல் வந்தது குரோதி, அதாவது கோபக்காரன். 2026-27 பராபவ, தோல்வி என்று பொருள். யாராவது தானாகத் தேர்ந்தெடுத்தால் இதையெல்லாம் எடுப்பார்களா? :-)

இவை வடமொழிப் பெயர்கள் என்ற எதிர்ப்பு நீண்ட காலமாகவே உண்டு. 2008-ல் தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாள் என்று சட்டம் வந்ததும், 2011-ல் அந்தச் சட்டம் ரத்தானதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சண்டையைத் தனியாக எழுதலாம். இங்கே எனக்கு வேண்டியது இந்த அறுபதில் பத்தாவது பெயர்.

தாது வருஷம்

பத்தாவது பெயர் தாது. தாங்குகிறவன், படைத்துக் காக்கிறவன் என்று வடமொழியில் அர்த்தம். 1876 ஏப்ரலில் தாது வருடம் பிறந்தது. அந்த வருடம் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருடங்களில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் கொள்ளை நோயாலும் செத்தார்கள். "தாது வருஷப் பஞ்சம்" என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். தாங்குகிறவன் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் பட்டினி என்று அர்த்தம் மாறிப்போனது. ஒரு வருடத்தின் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அகராதி முடிவு செய்வதில்லை, அந்த வருடத்தில் நடந்ததுதான் முடிவு செய்கிறது.

ஆனால் அந்த வருடத்துக்கு இன்னொரு சொல்லும் இருந்தது. அதைக் கொடுத்தது அரசாங்கம். சிக்கனம்!

1877 ஜனவரி 1, புத்தாண்டு தினம். டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பெரிய தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் கல்நெஞ்சக்காரர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1873-74-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதற்காகப் பாராட்டுக்குப் பதில் "ஊதாரி" என்ற திட்டுத்தான் கிடைத்தது. அந்தக் கறையைத் துடைக்க வேண்டும் என்றுதான் சென்னைக்கு வந்தார். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் ஏறத்தாழ 450 கிராம். அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்.

எதிர்த்துப் பேசியவர் சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஒன்றரை ராத்தல் தானியம், கூடவே பருப்பும் காய்கறியும் இல்லாமல் உடல் தாங்காது என்று வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது. கூலி ஒன்றேகால் ராத்தலும் கொஞ்சம் பருப்பும் ஆனது. அதற்குள் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தின் ஒரு தடயம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சோழிங்கநல்லூரிலிருந்து ஈசிஆர் பக்கம் போகும்போது பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுகிறோம் அல்லவா? அதே கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்குப் போனது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

சிக்கனம் நல்ல சொல்தானே? என் அம்மாவே அதைத் தினமும் சொல்வார். ஆனால் கண் முன்னால் நடப்பதைப் பார்த்து "இந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை" என்று ஒருவர் சொன்ன பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், நல்ல சொல்லே ஆளைக் கொல்லும். ஹெர்ன்ஹூட்காரர்கள் பதிலுக்கு என்று ஒரு பாதியை விட்டு வைத்தார்கள். லிட்டனின் சொல்லில் அந்தப் பாதி இல்லை. கார்னிஷ் அதை வலுக்கட்டாயமாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

சொல்லைப் பதிலாகவே பயன்படுத்தியதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1930-ல் ஓட்டோ ரீட்முல்லர் என்ற ஜெர்மன் போதகர் வருடத்துக்கு ஒரு வசனம் என்ற வழக்கத்தை ஆரம்பித்தார். நாஜிகளின் கோஷங்கள் ஊரெல்லாம் முழங்கியபோது, இளைஞர்கள் கையில் வேறொரு வார்த்தை இருக்கட்டும் என்பது நோக்கம். அவர் 1938 நவம்பரில் இறந்தார். அடுத்த மாதம், டிசம்பர் 12 முதல் 29 வரை, நம்ம தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்த மாநாடு, ஜப்பான் தொடுத்த போரால் இங்கே வந்தது. சண்டையிட்ட அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் தாம்பரத்தில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசினார்கள். ஒன்பது மாதத்தில் உலகப்போர் வெடித்தது. ஜெர்மனியில் ஆரம்பித்த அந்த வருட வசன வழக்கம் மட்டும் இன்றும் தொடர்கிறது.

அப்படியென்றால் சொல்லை எப்படி எடுப்பது?

நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயம்.

ஒன்று, சொல் கொஞ்சமாவது வெளியிலிருந்து வரட்டும். நாமே தேர்ந்தெடுத்தால் நமக்கு ஏற்கெனவே பிடித்ததைத்தான் எடுப்போம். நண்பர்கள் ஆளுக்கு ஐந்து சொல் எழுதிச் சீட்டுக் குலுக்கலாம்.

இரண்டு, வந்த சொல்லுக்கு நம் பதிலாக இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும். "சிக்கனம்" வந்தால் பக்கத்திலேயே "யாருக்கு வலிக்கும்?" என்று எழுதி வையுங்கள். "துணிவு" வந்தால் "எதற்கு?" என்று எழுதுங்கள்.

மூன்று, மார்ச்சில் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். கார்னிஷ் மாதிரி நமக்கு உண்மையைச் சொல்லும் ஒரு ஆளிடம் கேட்டால் இன்னும் நல்லது.

2015 டிசம்பர் 2 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. அந்தத் தமிழ் வருடத்தின் பெயர் மன்மத. யாரும் அதை "மன்மத வருஷத்து வெள்ளம்" என்று சொல்வதில்லை. "2015 வெள்ளம்" என்றுதான் சொல்கிறோம். வருடத்தை எண்ணால் மட்டுமே ஞாபகம் வைக்கும் தலைமுறை நாம். பரவாயில்லை, பெயரை நாமே வைக்கலாமே. அந்த வருடத்துக்கு முடிச்சூர்க்காரர் ஒருவர் "படகு" என்று பெயர் வைத்தால் அதில் தண்ணீரும் இருக்கும், வந்து தூக்கிப்போன ஆட்களும் இருப்பார்கள்.

உங்கள் வீட்டுப் பீரோவில் ஒட்டிய அட்டை, தாத்தா சொன்ன வருடப் பெயர், நீங்களே எடுத்த சொல் என்று எது இருந்தாலும் சொல்லுங்கள். கூடவே அதற்கு நீங்கள் கொடுத்த பதிலையும் மறக்காமல் எழுதுங்கள்.