கோட்டை நிலத்தில் ஒரு கேளிக்கைத் தோட்டம்

உல்லாசத்தின் கதை – 7

ஜனங்களுக்குப் பொழுதுபோக்குக் கொடுத்துவிட்டால் அரசியல் பேச மாட்டார்கள். டென்மார்க் மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் ஜார்ஜ் கார்ஸ்டன்சன் இப்படிச் சொல்லித்தான் கேளிக்கைத் தோட்டம் அமைக்க அனுமதி வாங்கினாராம். மன்னராட்சிக்கு எதிரான முணுமுணுப்பு ஐரோப்பாவெங்கும் கேட்ட காலம் அது. மன்னர் இசைந்தார், ஆனால், ஐந்தாண்டுக்கு மட்டும்.

கிடைத்த இடம் கோபன்ஹேகனின் மேற்குக் கோட்டைவாசலுக்கு வெளியே இருந்த ராணுவ நிலம். போர் மூண்டால் கட்டடங்களை உடனே அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். அதனால் எல்லாமே மரத்தில் எழும்பின. 1843 ஆகஸ்ட் 15-இல் டிவோலி திறக்கப்பட்டது. குடைராட்டினம், நாடகமேடை, வாணவேடிக்கை, இசையமைப்பாளர் லும்பியேயின் இசைக்குழு என்று ஊரே அங்கே திரண்டது. அந்த ஆண்டே வந்துபோன ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் மனத்தில் 'நைட்டிங்கேல்' கதை முளைவிட்டதும் இங்கேதான்.

மன்னர் போட்ட கணக்கு என்னவாயிற்று? 1848 ஜனவரியில் அவர் மறைந்தார். மார்ச்சில் ஜனங்கள் ஊர்வலமாக அரண்மனைக்குப் போக, புதிய மன்னர் எதேச்சாதிகாரத்தைக் கைவிட்டார். மறு ஆண்டே அரசியல் சட்டமும் வந்துவிட்டது. ராட்டினம் சுற்றியவர்கள் அரசியலை மறக்கவில்லை! நிர்வாகத்தோடு முட்டிக்கொண்ட கார்ஸ்டன்சனும் 1848-இலேயே வெளியேறினார்.

தோட்டம் மட்டும் வளர்ந்தது. 1874-இல் வந்த ஊமைநாடக அரங்கில் திரைச்சீலை கிடையாது. மேடையை மறைத்து நிற்கும் ஒரு பெரிய மயிலின் தோகை மடங்கினால் ஆட்டம் ஆரம்பம். 1914-இல் வந்த மர ரோலர் கோஸ்டரில், பயணிகளோடு பிரேக்மேன் ஒருவரும் உட்கார்ந்து போவார். இறக்கத்தில் எவ்வளவு வேகம் விடலாம் என்பது அவர் கையில் பிடித்திருக்கும் நெம்புகோலில் இருக்கிறது. இன்றும் அப்படியே ஓடுகிறது.

1944-இல் நாஜி ஆதரவாளர்கள் வைத்த வெடிகுண்டில் கச்சேரி மண்டபம் உட்படப் பல கட்டடங்கள் எரிந்தன. தற்காலிகக் கொட்டகைகள் போட்டுச் சில வாரங்களிலேயே கதவைத் திறந்துவிட்டார்கள். 1951-இல் வந்த வால்ட் டிஸ்னி, டிஸ்னிலாந்தைத் திறந்தது அதற்கு நான்காண்டு கழித்துத்தான்.

கோட்டை போய்விட்டது. அதன் அகழியில் மிஞ்சிய நீர்தான் டிவோலியின் ஏரி. போர் வந்தால் இடிக்க வேண்டும் என்று மரத்தில் கட்டிய தோட்டம், இரண்டு உலகப் போர்களையும் தாண்டி நிற்கிறது.

(அடுத்த வாரம்: டிவோலிக்கு 260 ஆண்டு மூத்த அக்கா, மான் காட்டுக்குள் இருக்கும் பாக்கன்)