கவிழ்த்துவைத்த துருப்பு: மேற்கு மலையோரச் சீட்டாட்டங்களில் உத்தியும் ரகசியமும்

சீட்டாட்டத்தில் ரகசியம் இரண்டு வகை. கையிலிருக்கும் சீட்டை மறைப்பது ஒன்று. அது இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. இரு கூட்டாளிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் உத்தியை மறைப்பது மற்றொன்று. எந்தக் கேட்புக்கு என்ன பொருள், எந்தச் சீட்டை முதலில் இறக்கினால் கூட்டாளி எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் இதில் சேரும். இந்த இரண்டாவது ரகசியத்தின் வரலாறுதான் இங்கே பொருள். ஆட்டக்காரர்களின் பெருந்தன்மையால் உத்தி வெளியே வந்த காலம் குறைவு. ஆட்டத்தை நடத்தும் அமைப்பு ஒன்று அதைக் கேட்டு வாங்கிய இடங்களில்தான் அது முழுமையாகப் பொதுவுக்கு வந்தது. நம் மலையோரத்தில் அப்படியோர் அமைப்பு வேர்விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு சீட்டுலகங்களின் எல்லையில் கிடக்கிறது. கிழக்கே சமவெளியில் ஆட்சி செய்வது ரம்மி. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று பாதைகளில் எதில் ஏறினாலும் மேலே இடுக்கி. அங்கே இருபத்தெட்டும் ஐம்பத்தாறும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956இல் கேரளத்தோடு போன பிறகும், தேனி மாவட்டத்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்புவது நிற்கவில்லை. ஆட்கள் போய்வரும் வழியில் ஆட்டங்களும் போய்வரும்.

இருபத்தெட்டின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள், ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 28 புள்ளி. முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததும், எத்தனை புள்ளி பிடிப்போம் என்ற கேட்பு தொடங்கும், குறைந்தது 14. அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார். மீதி நான்கு சீட்டும் போட்ட பிறகே ஆட்டம். கவிழ்ந்திருக்கும் வரை அந்த இனத்துக்கு வெட்டும் வலிமை கிடையாது. இறக்கிய இனம் கையில் இல்லாத ஒருவர் ‘துருப்பைத் திற’ என்று கேட்டால்தான் அது நிமிரும்.

சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. எதிராளி கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார். என் கையில் கிளாவர் இல்லை. திறக்கச் சொல்லி வெட்டினால் மூன்று புள்ளி நம் பக்கம். ஆனால் என்னிடம் கிளாவர் இல்லை என்பதும், துருப்பு எது என்பதும் நாலு பேருக்கும் தெரிந்துவிடும். கேட்காமல் வேறொரு சீட்டைக் கழித்தால் மூன்று புள்ளி போகும், துருப்பு மட்டும் மறைவில் இருக்கும். கேட்பதா வேண்டாமா என்று மூன்று நொடி தயங்கினால், அந்தத் தயக்கமே கூட்டாளிக்குச் சேதி சொல்லிவிடும். உத்தி முடிந்து ஜாடை தொடங்கும் கோடு இவ்வளவு மெல்லியது.

இந்த ஆட்டத்தின் வம்சாவளி கடல் தாண்டியது. ஈழத்தமிழரின் முந்நூற்றுநாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. பத்தால் வகுத்துச் சில்லறையைத் தள்ளினால் அப்படியே இருபத்தெட்டின் கணக்கு வருகிறது. ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்பதும், ஜாக்கியையும் ஒன்பதையும் உச்சியில் வைப்பதும் டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் உண்டு. அங்கே துருப்பு இனத்துக்கு மட்டும் அந்த உச்சி, இங்கே எல்லா இனத்துக்கும். இலங்கைக் கரையோரம் 1658 முதல் 1796 வரையும், கொச்சி 1663 முதல் 1795 வரையும் டச்சுக்காரர் கையில் இருந்தன. ஆட்டம் அவர்களோடு வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட முடியாவிட்டாலும் இந்தக் கணக்கு வலுவான தடயம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போன நேட்டாலில், அவர்கள் வழிவந்தோர் 24 சீட்டில் ஆடும் துணி என்ற ஆட்டத்திலும் அதே 30, 20, 11, 10, 3, 2.

ஆக, மூன்று கண்டங்களில் ஒரே குடும்பம். ஆனால் இந்தக் குடும்பத்தின் உத்தி வாய்வழியாகவே நின்றுவிட்டது. ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்பதுதான் பள்ளிக்கூடம். அங்கே சேர ஆட்டக்காரரின் தயவு வேண்டும்.

மேற்கில் என்ன நடந்தது? லண்டனில் விஸ்ட் ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த எட்மண்ட் ஹாயில் 1742இல் தன் பாடக் குறிப்பை நூலாக்கினார். விலை ஒரு கினி, அந்நாளில் பெரிய தொகை. திருட்டுப் பதிப்புகள் உடனே வந்தன. விலையைக் குறைத்து, உண்மைப் பிரதி இதுதான் என்று காட்டத் தன் கையெழுத்தையும் இட வேண்டியதாயிற்று. ரகசியத்தை விற்கப் போனவர் அதை ஊருக்கே கொடுத்துவிட்டார். 1834இல் ஹென்றி பெண்டிங்க் பிரபு, தேவையில்லாமல் பெரிய சீட்டை முதலில் போட்டுப் பிறகு சிறியதைப் போட்டால் ‘துருப்பு இறக்கு’ என்று பொருள் கொள்ளும் குறியைக் கொண்டுவந்தார். அது எல்லோருக்கும் தெரிந்ததும் யாருக்கும் தனி லாபம் இல்லாமல் போனது. தான் கண்டுபிடித்ததற்காக அவர் பின்னாளில் வருந்தினார் என்பார்கள்.

விஸ்ட்டின் வழிவந்த பிரிட்ஜ் இந்தச் சிக்கலைச் சட்டமாக்கியே தீர்த்தது. கூட்டாளிகளின் உடன்பாடுகளை எதிராளி அறிய உரிமை உண்டு. மறைத்துவைத்த உடன்பாடு குற்றம். ஒவ்வொரு ஜோடியும் தன் கேட்புமுறையை அட்டையில் எழுதி மேசையில் வைக்க வேண்டும். தயங்கியதால் கிடைத்த சேதியைக் கூட்டாளி பயன்படுத்தக் கூடாது. 1975 பெர்முடா கோப்பை உலகப் போட்டியில் மேசைக்கடியில் கால் பேசியதாகப் புகார் எழுந்தது. கூட்டாளிகளுக்கு நடுவே திரை போடும் முறை அக்காலத்தில்தான் உலகப் போட்டிகளுக்கு வந்தது. அதுவும் போதவில்லை. 2015இல் நார்வேயின் பிரிட்ஜ் ஆட்டக்காரர் பாயே புரோகலண்ட் முன்னணி ஜோடிகள்மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டியபோது, போட்டிக் காணொளிகளை உலகெங்கும் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து அலசினார்கள். ஒரு ஜோடி சீட்டுப் பலகையை மேசையில் எங்கே வைக்கிறது என்பதே குறியாக இருந்ததைக் கண்டுபிடித்தது அந்தக் கூட்டுழைப்புதான்.

பணம் நேரடியாக மேசையில் இருக்கும் ஆட்டத்தில் நிலைமை வேறு. போக்கர் வீரர் டாயில் பிரன்சன் 1978இல் தன் உத்திகளைப் பெருநூலாக வெளியிட்டார். நூல் விற்ற லாபத்தைவிட, தன் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்துபோனதால் வந்த நட்டம் பெரிது என்று பின்னர் சொல்லிவந்தார். எதிரே உட்காருபவன்தான் வருமானம் என்றால் அவனுக்கு எவன் பாடம் எடுப்பான்?

இனி நம் ஊர்க் கதை. சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் சூதை ஆள்வது 1930ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்பதற்குத் திறமை வேண்டும் என்று சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் சொன்னது. ஆனால் பந்தயம் வைத்து ஆடினால் என்ன என்ற கேள்வி தீராமலே இருந்தது. அதனால் சீட்டு மேசை ‘மனமகிழ் மன்றம்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒதுங்கியது. காவல்துறை எப்போது வருமோ என்று கதவைப் பார்த்துக்கொண்டு ஆடுபவர்கள் விதிப்புத்தகம் அச்சிடுவார்களா, கேட்புமுறையை அட்டையில் எழுதுவார்களா? திறமை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தத் திறமைக்கு நம்மிடம் ஏடு இல்லாததற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. ஆட்டக்காரர்களின் கஞ்சத்தனத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

இணைய ரம்மி வந்தபோது நிலைமை தலைகீழானது. உத்தியை இலவசமாகக் கற்றுக்கொடுத்தவை நிறுவனங்கள். யார் வென்றாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் பங்கு எடுப்பவர்களுக்கு உத்தி ரகசியமாக இருப்பதில் லாபமில்லை. 2022இன் தமிழ்நாட்டுத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே நிறுத்தியது. நிறுவனங்களின் அந்த வெளிப்படைத்தன்மை எத்தனை வீடுகளைக் கடனில் தள்ளியது என்பது வேறு கட்டுரைக்குரிய விஷயம்.

பந்தயமில்லாமல் வெளிப்படையாக ஆட முடியும் என்பதற்கு மலைக்கு மேலேயே சான்று இருக்கிறது. இரண்டு கட்டுச் சீட்டில் அறுவர் ஆடும் ஐம்பத்தாறில், கேட்பே கூட்டாளிகளோடு பேசும் மொழி. எண்ணை முதலில் சொல்கிறீர்களா இனத்தை முதலில் சொல்கிறீர்களா என்பதற்கே தனிப்பொருள் உண்டு. அந்தப் பொருள் எதிரணிக்கும் தெரியும். அமெரிக்காவில் குடியேறிய மலையாளிகள் அதற்கு எழுத்து விதிகள் வகுத்துப் போட்டிகளே நடத்துகிறார்கள்.

கூடலூரிலோ கம்பத்திலோ போடியிலோ திண்ணையில் சீட்டாடும் பெரியவர் எவரையாவது தெரிந்தவர்கள், அவர் ஆடும் ஆட்டத்தின் விதிகளையும் கேட்பு வழக்கங்களையும் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். கல்லூரி நாட்டுப்புறவியல் துறைகள் அதை ஒரு களப்பணியாகவே எடுக்கலாம்.