செல் உடைப்புக் கரைசலும் புரதப் பிணைப்பும்: ‘மென்மையான’ டிடர்ஜெண்ட் என்னும் கருத்தைப் பற்றி

ஒரு புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்து, அதனுடன் ஒட்டி வருபவை எவை என்று பார்க்கும் வீழ்படிவாக்கச் சோதனைக்கு, செல்லை உடைக்கும் கரைசலில் எந்த டிடர்ஜெண்டைச் சேர்ப்பது? ஆய்வகங்களில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு தரவரிசைதான். எஸ்டிஎஸ் கடுமையானது, டியாக்சிகோலேட் அதற்கு அடுத்தது, டிரைட்டன் எக்ஸ்-100 மென்மையானது. பிணைப்பைக் காக்க வேண்டுமா, மென்மையானதை எடு என்பார்கள். இந்த வரிசை நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது என்பதே என் வாதம். மென்மை டிடர்ஜெண்டின் தனிக்குணம் அன்று. எந்தப் பிணைப்பைக் குறித்துக் கேட்கிறோம் என்று சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

எம்டார் கைனேஸைப் பாருங்கள். ராபமைசினின் இலக்காகப் பாலூட்டிகளில் அது 1994இல் இனங்காணப்பட்டது. ஆனால் அதன் முதன்மைக் கூட்டாளியான ராப்டரை 2002இல்தான் சபாட்டினி குழுவும் யோனெசாவா குழுவும் ‘செல்’ இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. ‘மென்மையான’ டிரைட்டன் 1% இருந்தாலே இந்த இணை பிரிந்துவிடுகிறது, சாப்ஸ் என்ற வேறொரு டிடர்ஜெண்ட் 0.3% உள்ள கரைசலில் நிலைக்கிறது. 0.3% என்பது ஏறத்தாழ 5 மில்லிமோலார். சாப்ஸ் மைசெல்களாகத் திரளத் தொடங்கும் அடர்வாகப் பொதுவாகச் சொல்லப்படும் 6–10 மில்லிமோலாருக்கும் இது குறைவு. இதே செய்முறையைச் சவ்வுக்குள் புதைந்த புரதத்துக்கு நகலெடுத்தால், அது கரையாமல் வண்டலோடு போய்விடக்கூடும். அப்போது ‘எதுவும் ஒட்டி வரவில்லை’ என்ற முடிவு பிணைப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பிரிப்பதைவிட அபாயமானது, இல்லாத இணைப்பை உண்டாக்குவது. செல்லின் தற்கொலையைத் தூண்டும் பாக்ஸ் புரதம், நலமான செல்லில் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் தனித்தே இருக்கிறது. டிரைட்டன், என்பி-40 போன்ற அயனியற்ற டிடர்ஜெண்ட் பட்டதும் அதன் வடிவம் மாறி, அந்தத் தற்கொலையைத் தடுக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்துடன் சேர்ந்துகொள்கிறது. சாப்ஸில் அப்படி நடப்பதில்லை. இதை ஹ்சுவும் யூலும் 1997இல் காட்டினர். அதுவரை அயனியற்ற டிடர்ஜெண்டில் பிடித்த இணைகளை வைத்துச் செல்லின் வாழ்வு-சாவுச் சமநிலையை விளக்கிவந்த படங்களை, அதன்பின் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. இன்றும் வடிவம் மாறிய பாக்ஸை மட்டும் இனங்காணும் 6ஏ7 எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவோர் சாப்ஸையே நாடுகிறார்கள். டிரைட்டனில் அந்த எதிர்ப்பொருள் தூங்கும் பாக்ஸையும் விழித்ததாகவே கணக்கிடும்.

அப்படியானால் எங்கும் சாப்ஸே போதுமா? போதாது. டி-செல் ஏற்பி சிடி3 உடன் சேர்ந்திருப்பதைக் காண 1980களில் டிஜிடோனின் என்ற டிடர்ஜெண்ட் உதவியது. என்பி-40இல் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. யூபிக்விட்டின் சோதனையிலோ நேர்மாறான தேவை. அது நம் புரதத்தின் மீதே கோவேலன்டாக ஒட்டியதா, அருகிருந்த கூட்டாளியின் மீதா என்று அறிய, 1% எஸ்டிஎஸ்ஸில் கொதிக்கவைத்து எல்லாப் பிணைப்பையும் கலைத்து, பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்த பிறகே எதிர்ப்பொருளைச் சேர்க்கிறோம். இங்கே கடுமையே சரியான தேர்வு.

ஆகவே ஒரே கரைசலில் கிடைத்த இணைப்பையோ இணைப்பின்மையையோ முடிவாக ஏற்கத் தயங்குகிறேன். வேதியியலில் வேறுபட்ட இரண்டு டிடர்ஜெண்டுகளில் அதே விடை வர வேண்டும். வண்டலையும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரு புரதங்களையும் தனித்தனிச் செல்களில் உருவாக்கி, உடைத்த பின் கலந்தால் அவை சேர்கின்றனவா என்ற கட்டுப்பாடும் தேவை. சேர்ந்தால், செல்லுக்குள் இருந்த சந்திப்பு என்று கூற நமக்கு உரிமையில்லை.

செய்முறைப் பகுதியில் ‘என்பி-40’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. ஷெல் நிறுவனத்தின் நானிடெட் பி-40 இப்போது விற்பனையில் இல்லை. ஐஜிபால் சிஏ-630 அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. டெர்ஜிட்டால் என்பி-40 என்பதோ முற்றிலும் வேறு பொருள்: நீண்ட எத்திலீன் ஆக்சைடு சங்கிலி, வேறு கரைக்கும் திறன். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிரைட்டன் எக்ஸ்-100ஐ அனுமதியின்றிப் பயன்படுத்த 2021 ஜனவரி முதல் தடை உள்ளது. ஆய்வகச் சிறு அளவுக்கு விலக்கு உண்டு என்றாலும் மாற்றுகளைத் தேடுவோர் பெருகுகிறார்கள். அந்த மாற்றுகள் சவ்வை எவ்வளவு கரைக்கின்றன என்பதோடு நிறுத்தாமல், எம்டார்–ராப்டர் இணையையும் பாக்ஸையும் வைத்து அவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகே கரைசல் புட்டியில் பெயரை மாற்றி எழுதலாம்.